காணாக்கடியும் கத்திரிக்காய்க் குழம்பும்

எனக்கு இறால் ஆகாது. எங்கள் பேச்சில் எறா. சின்ன வயதில் ஒருமுறை தின்று முகம் பூசணிக்காயாக வீங்கியதிலிருந்து தெரியும். உறுவையாற்றில் அம்மா வீட்டில் அது ஒரு பிரச்சினையாகவே இருந்ததில்லை, வாங்கினால்தானே! கல்யாணமாகிப் பூரணாங்குப்பம் வந்தேன். பெண் பார்க்க வந்தபோதே அம்மா விஷயத்தைச் சொல்லிவிட்டார். மாமியாரும், "அதுக்கென்னா, எறா ஆக்குற அன்னிக்கி அவளுக்குத் தனியா ரசம் வெச்சிட்டாப் போச்சு" என்றார். சொன்னபடியே செய்தார்.

அப்படியும் மாதத்துக்கு இரண்டு மூன்று தரம் உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாகக் கிளம்பியது. சுவரில் போய் முதுகைத் தேய்க்கவைக்கும் அரிப்பு. எங்கள் பக்கத்தில் இதற்குப் பெயர் காணாக்கடி. கண்ணில் படாத பூச்சி ஏதோ கடித்துவிட்டது என்று அர்த்தம். பெயரிலேயே பூச்சி இருக்கும்போது குழம்புச் சட்டியை யார் சந்தேகப்படுவார்கள்? அத்தை வெற்றிலையில் நாலு மிளகு வைத்து மடித்துத் தருவார். மென்று விழுங்கினால் கொஞ்ச நேரத்தில் அரிப்பு அடங்கும். தானாக அடங்கியதோ என்னவோ, பேர் மிளகுக்குப் போனது. வேப்பிலை வெந்நீரில் குளிப்பாட்டினார், பாய் தலையணையை வெயிலில் உதறினார். கடைசியில், கம்பளிப்பூச்சி அதிலிருந்துதான் வருகிறது என்று, கொல்லையில் காய்த்துக் குலுங்கிய முருங்கைமரத்தையே ஆள் வைத்து வெட்டிவிட்டார். "மரம் போனா போவுது, புள்ள தூங்கட்டும்" என்றார்.

மரம் போயும் காணாக்கடி போகவில்லை. ஒரு மத்தியானம் கத்திரிக்காய்க் குழம்பு சாப்பிட்டுக் கை கழுவுமுன் உதடு தடித்தது. தொண்டை இறுகி மூச்சு இழுத்தது. வெற்றிலையோடு ஓடிவந்த அத்தை, என்னால் விழுங்க முடியவில்லை என்றதும் அதைக் கீழே போட்டார். பைக்கில் கணவருக்கும் தனக்கும் நடுவில் என்னை உட்காரவைத்து, ஆஸ்பத்திரி வரை இறுக்கிப் பிடித்தபடியே வந்தார்.

ஊசி போட்டு மூச்சு சீரானதும், என்ன சாப்பிட்டேன் என்று டாக்டர் கேட்டார். அத்தை முந்திக்கொண்டார்.

"கத்திரிக்காய்க் கொழம்பு டாக்டர். எறாவக் கண்ணுல கூடக் காட்டல."

"வேற என்ன போட்டீங்க?"

"வேற இன்னா? வாசனைக்கு ஒரு கை சென்னாக்குன்னி வறுத்து நுணுக்கிப் போட்டேன்."

"அதுவும் எறாதாம்மா. குட்டி எறா."

"அது கருவாடாச்சே டாக்டர்!"

அத்தை மழுப்பவில்லை. எங்கள் ஊரில் எறா என்றால் குழம்பில் கிடக்கும் துண்டு. காயவைத்த சென்னாக்குன்னி பெருங்காயம் மாதிரி ஒரு வாசனைச் சாமான், அவ்வளவுதான். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. ஒன்றரை வருஷமாகப் பூச்சியையா தேடினோம்! திரும்பிப் பார்த்தால் அத்தை தலையில் அடித்துக்கொண்டு, "என் கையாலயே வெசம் வெச்சனே" என்று அழுகிறார். எனக்காக மரத்தை வெட்டியவரிடம் எப்படிக் கோபித்துக்கொள்வது? நான்தான் அவரைத் தேற்ற வேண்டியதாயிற்று.

"இனிமே மூச்சு இழுத்தா வெத்தல தேடாதீங்க, நேரா இங்க வாங்க" என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். இப்போது எனக்குத் தனி வாணல், தனிக் கரண்டி. டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரை கைப்பையிலேயே இருக்கிறது. சென்னாக்குன்னி டப்பா வீட்டைவிட்டே போய்விட்டது. காணாக்கடி என்ற பேச்சும் அதோடு போயிற்று. அத்தைக்கு நான் எவ்வளவு கடன்பட்டிருக்கிறேன் என்பதை நேரில் சொன்னால் அடிக்க வருவார்.

போன மாதம் கரிக்கலாம்பாக்கத்தில் சொந்தக்காரர் வீட்டு விருந்து. இலையில் முருங்கைக்கீரைப் பொரியல் வைத்தார்கள். நான் கை வைக்குமுன், பக்கத்திலிருந்த அத்தை என் இலையிலிருந்து ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டார். மருமகள் இலையில் மாமியார் கை வைப்பது எங்கள் பக்கம் கேள்விப்படாத சங்கதி. எதிர்வரிசையில் ஒருத்தி, "இன்னா பெரிம்மா, ஒன் எலையில பொரியல் இல்லியா?" என்று சிரித்தாள்.

அத்தையுடையது பிறந்ததிலிருந்து சென்னாக்குன்னி தின்ற நாக்கு, ஒரு சிட்டிகை தூவியிருந்தாலும் தப்பாது. கண்ணை மூடி மென்றார். பிறகு என் இலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "இவளுக்கு வேற எல போடுப்பா. சோறும் தயிரும் போதும்" என்றார்.

அந்தத் தயிர்ச்சோற்றை நான் பயமில்லாமல் சாப்பிட்டேன்.