கோச்சியை இழுத்த குதிரை

செய்தி ஒன்றைத் திருத்தும்போது 'கோச்சி' என்ற சொல்லில் என் பேனா நின்றது. அதை அடித்துவிட்டு 'ரயில்' என்று எழுத வேண்டும். ஹங்கேரியில் கோச் என்ற ஊரில் செய்த குதிரை வண்டியின் பெயர்தான், ஆங்கிலம் வழியாக வந்து இங்கே இலங்கையில் ரயிலுக்கு நிலைத்தது என்கிறது அகராதி.

எண்பதுகளில், உம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் புறப்பட்ட நாளில், வாப்பா இதில் பாதியைச் சொன்னார். கொழும்புக் கோச்சியில் ஏற்றிவிட மாமா உம்மாவை மட்டக்களப்புக்குக் கூட்டிப் போயிருந்தார். மருதமுனை வீட்டில் வாப்பா தறியில் இருந்தார். நூல் அறுந்துகொண்டே இருந்தது.

“கோச்சி எண்டா என்ன வாப்பா?”

“முந்திக் குதிரை வண்டிக்குத்தான் மகள் அந்தப் பேரு.”

“குதிரைக்குக் களைச்சா?”

“நிண்டுரும்.”

“அப்ப உம்மா திரும்பி வருவாவா?”

வாப்பா அறுந்த நூலை முடிந்தார். “களைக்கட்டும், பாப்பம்.”

அந்தி வரை நான் தறிக்கும் வாசலுக்குமாக நடந்தேன். மஃரிப் தொழுகைக்குப் பிறகு வாப்பா சோறு போட்டார். அவர், நான், தம்பி என்று மூன்று பேர்தான் இருந்தோம். பாயில் நாலு பீங்கான் தட்டு வைத்திருந்தார்.