எங்க வீட்ல சொல்லுவாங்க

வீட்டுத் தரகர்களுக்கென்று ஒரு தனி அகராதி உண்டு. ஜன்னலைத் திறந்ததும் பக்கத்து வீட்டுச் சுவர் முகத்தில் இடித்தால் அது ‘வெயில் படாத ரூம்’. கட்டிலைப் போட்டபின் கதவைச் சாத்த முடியாவிட்டால் ‘அடக்கமான ரூம்’. சாவிக்காரர் என்று எல்லோரும் கூப்பிடும் இந்தத் தரகருக்கு அது தலைகீழ்ப் பாடம். ஹாலில் ஆரம்பித்தால் படுக்கையறை, குளியலறை என்று மூச்சு விடாமல் அளந்து தள்ளுவார். சமையலறை வாசல் வந்ததும் வண்டி நின்றுவிடும்.

“இத எங்க வீட்ல சொல்லுவாங்க” என்று ஒதுங்கிக்கொள்வார்.

வீட்ல என்றால் மனைவி. வீடு பார்க்க வந்த இடத்தில் இவர் எந்த வீட்டைச் சொல்கிறார் என்று விழித்த பார்ட்டிகளும் உண்டு. அதற்குள் அவள் கைப்பையை இவர் கையில் திணித்துவிட்டு உள்ளே போயிருப்பாள்.

“பாத்திரம் கழுவற தொட்டி தாழ்வா இருக்கும்மா. ஒரு மாசத்துல இடுப்பு போயிடும். உசத்திக் கட்டித் தர்றேன்னு ஓனர் சொன்னா மட்டும் அட்வான்ஸ் குடு” என்பாள். இவருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

“பொழப்புல மண்ண அள்ளிப் போடுறியே.”

“பொய் சொல்ல உங்களுக்கு ஹால் இருக்கு, பெட்ரூம் இருக்கு. அடுப்படிய மட்டும் விட்டுடுங்க.”

கூத்து என்னவென்றால், அவள் வேண்டாம் என்று சொன்ன வீட்டை விட்டவர்கள்தான் அடுத்த வீட்டுக்கும் இவரையே தேடி வந்தார்கள்.

போன வருஷம் ஒரு காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குத் தன் காலில் நடந்து போனவள் திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு சமையலறை வாசலில் நின்று “நீங்களே பாத்துக்கங்க” என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். சொந்த வீட்டில்கூட அவர் அவளை அவ்வளவு தேடவில்லை. யாரும் இல்லாத அடுத்தவர் வீடுகளில்தான் தேடினார். பூட்டைத் திறந்ததும், பின்னால் அவள் செருப்பைக் கழற்றும் சத்தத்துக்குக் காது கொடுத்துக் கொஞ்ச நேரம் நிற்பார்.

தொழிலோ படுத்துக்கொண்டே வந்தது. மகள் தன் வீட்டிலிருந்து வந்து உட்கார்ந்துவிட்டாள்.

“அப்பா, இப்ப யாரும் நேர்ல அலையறதில்ல. மொதல்ல வீடியோ. அது புடிச்சாதான் கால எடுத்து வெக்கறாங்க.”

“வீடு என்ன சினிமாவா, உக்காந்து பாக்க?”

“அப்ப தொழில மூடிட்டு என்கூட வந்துடுங்க. பேப்பர் படிச்சுக்கிட்டு இருக்கலாம்.”

அப்பாவுக்குப் போனைக் கண்டால் பயம் என்று அவள் முடிவு கட்டியிருந்தாள். பயம்தான். ஆனால் போனைப் பார்த்து இல்லை. பார்ட்டி கூட வந்தால் அவர்கள் உள்ளே போவார்கள், இவர் வாசலோடு நின்றுகொள்ளலாம். வீடியோ என்றால் இவரேதான் உள்ளே போக வேண்டும். மனைவி பேச வேண்டியதை இவர் பேசிவிட்டால் அவளுக்கென்று இருந்த அந்த இடமும் போய்விடும். பிறகு அவள் எங்கே நிற்பாள்? இந்தப் பைத்தியக்காரக் கணக்கை மகளிடம் சொல்ல முடியுமா? தொழிலை மூடினால் நிற்பதற்கு அந்த வாசலும் இருக்காது. அதனால் போனை எடுத்தார்.

வெளிநாட்டிலிருந்து குடும்பத்தோடு மாற்றலாகி வரப்போகும் ஒரு பெண் வீடு கேட்டிருந்தாள். மாடி வீடு ஒன்றைத் திறந்து படம் பிடித்தார். ஹாலில் நாக்கு கொஞ்சம் தடுமாறியது. படுக்கையறைக்கு வருவதற்குள் பழைய ஜோர் வந்துவிட்டது. அந்த ஜோரிலேயே சமையலறை வாசலுக்கு வந்து, “இத எங்க வீட்ல சொல்லுவாங்க” என்று ஒதுங்கி, போனை உள்ளே நீட்டினார். யாரும் பேசவில்லை. குழாய் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. சற்று நின்றுவிட்டுப் பால்கனிக்குப் போனார். எடுத்ததைத் திரும்பிப் பார்க்காமலேயே அனுப்பியும்விட்டார்.

மறுநாள் காலையில் அந்தப் பெண் கூப்பிட்டாள்.

“சார், வீடு நல்லா இருக்கு. ஆனா கிச்சன்ல சத்தமே வரல. உங்க வீட்ல சொல்லுவாங்கன்னீங்க, அவங்க பேசினது பதிவாகல போல. பக்கத்துல இருந்தா குடுங்களேன்.”

சாவிக்காரர் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

“இல்லம்மா” என்றார்.

“பரவால்ல சார். வந்ததும் கேட்டுச் சொல்லுங்க.”

இல்லை என்ற சொல் செய்கிற அக்கிரமத்தைப் பாருங்கள். கடைக்குப் போனவளுக்கும் அதே சொல், திரும்பி வராதவளுக்கும் அதே சொல்தான்.

அவர் மறுபடி அந்த மாடி வீட்டுக்குப் போனார். வாசலில் வெகுநேரம் நின்றார். பிறகு உள்ளே காலை வைத்தார். எதைப் பார்ப்பது என்று முதலில் தெரியவில்லை. தொட்டி முன்னால் நின்று, பாத்திரம் தேய்ப்பதுபோல் குனிந்து பார்த்தார். இடுப்பு பிடித்தது. மேல் அலமாரிக்குக் கை நீட்டினார், எட்டவில்லை. அவரை விட அவள் குள்ளம். ஜன்னலைத் திறந்தார், பக்கத்து வீட்டுக் கழிவுநீர்க் குழாய் மூக்கருகே நின்றது. இத்தனை காலம் அவள் இப்படித்தான் ஒவ்வொரு வீட்டிலும் குனிந்து, எட்டி, முகர்ந்து பார்த்திருக்கிறாள் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. வாசலில் கைப்பையோடு நின்றவருக்கு எப்படித் தெரியும்? ஒரே ஒரு தடவையாவது கூட உள்ளே போயிருக்கலாமே என்று ஏங்கினார். போனை எடுத்து, தொட்டி, அலமாரி, நாற்றம் எதையும் மறைக்காமல் பேசிப் பதிவு செய்து அனுப்பினார்.

வீடு திரும்பியதும் போன் அடித்தது.

“கேட்டேன் சார். இந்த வீடு வேணாம்.”

“சரிம்மா” என்றார். மகள் வீட்டுப் பேப்பர் கண்முன் வந்து போனது.

“இன்னொரு வீடு பாருங்க. எங்களுக்கு நீங்களே பாத்துக் குடுங்க சார். உங்க வீட்ல சொல்லித்தான இதெல்லாம் தெரிஞ்சுது? அங்கயும் அவங்க வந்து பாப்பாங்கல்ல?”

மனைவி போன செய்தியை ஊருக்கெல்லாம் மகள்தான் போன் போட்டுச் சொல்லியிருந்தாள். இவர் வாயால் ஒருவரிடமும் சொன்னதில்லை.

“வர மாட்டாங்கம்மா. போன வருஷம் தவறிட்டாங்க. இனிமே நான்தான் உள்ள போய்ப் பாக்கணும்.”

அவர் போனைக் காதிலிருந்து எடுக்காமலேயே உட்கார்ந்து அழுதார்.