பழம் உனக்கு, மனுசன் எனக்கு

அம்மனை நம்பி நடக்கிற எல்லோருக்கும் வட்டக்கச்சியிலிருந்து வணக்கம். எனக்கு மேடையில் பேசிப் பழக்கமில்லை. ஆனால் இதைச் சொல்லாமல் இருந்தால் எனக்குச் சோறு இறங்காது.

போன மாரி மழைக்காலத்தில் என் கணவருக்கு நெஞ்சு வலி வந்தது. வயலில் வரம்பு கட்டிக்கொண்டு நின்றவர் மண்வெட்டியைப் பிடித்தபடியே சேற்றில் சரிந்து இருந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். விடியும் வரை ஒன்றும் சொல்ல முடியாது என்றார் டொக்டர். விறாந்தை வாங்குப் பலகையில் தனியே இருந்து அழுதேன். எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்? வற்றாப்பளை அம்மன் கோயில் எந்தத் திக்கில் என்றுகூடத் தெரியவில்லை. முன்னால் இருந்த சுவரைப் பார்த்துக் கும்பிட்டேன். "அம்மா, இந்த மனுசனை வீட்டுக்கு அனுப்பு. எங்கடை தோட்டத்தில வெட்டுற முதல் கதலி வாழைக்குலை உனக்குத்தான்."

அனுப்பினாள். நெஞ்சுக்குள் இரத்தக்குழாய் அடைக்காமல் ஒரு ஸ்டென்ற், கையில் ஒரு பை நிறையக் குளிசை மருந்து, ஆனால் ஆளை முழுசாக அனுப்பினாள். "இவரைப் பயப்பட விடாதீர்கள், அதிர்ச்சி ஒன்றும் கூடாது" என்று டொக்டர் என்னிடம் சொல்லி அனுப்பினார்.

வந்த மனுசன் சும்மா இருந்தாரா? பாரம் தூக்கக் கூடாது என்றதும் எங்கள் பழைய டொல்பின் வான் வண்டியில் கை வைத்தார். பின் இருக்கைகளைக் கழற்றிப் பலகைக் கட்டில் அடித்தார். யன்னலுக்குத் திரை போட்டார். அறை என்றால் அறை மாதிரி இருக்க வேண்டுமாம், ஸ்டியரிங்குக்கும் கட்டிலுக்கும் நடுவில் பலகையால் ஒரு மறிப்பும் அடித்தார். 'ஓடுற வீடு' என்று பெயரும் வைத்தார். ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன்.

ஆவணியில் குலை முற்றியது. வெட்டி, புகை போட்டுப் பழுக்க வைத்தோம். வெள்ளிக்கிழமை காலையில் கோயிலில் நிற்பது என்று முடிவு. அதற்கு முதல் நாள் புளியங்குளத்தில் இவருடைய அக்காவின் புது வீட்டுக் குடிபூரல். சாப்பிட்டு முடித்து நாங்கள் வெளிக்கிட, மச்சாள் வாசலில் வந்து நின்றா.

"தம்பி, புது வீடு, புதுக் கட்டில். இதில படுக்காமல் றோட்டில போய்ப் படுக்கப் போறியோ? உனக்கென்ன விசரோ?"

"அக்கா, ஓடுற வீட்டுக்கும் இண்டைக்குத்தான் குடிபூரல்" என்றார் இவர். இப்படிப்பட்டவரோடு எப்படி வாதாடுவது?

நெடுங்கேணிப் பாதையால் வந்தோம். இருட்டினால் இவருக்குக் கண் சரிவராது. அதனால் பொழுது படமுன்னமே ஒரு சின்னக் குளத்தடியில், மருத மரத்தின் கீழ் வானை நிறுத்தினார். "இஞ்ச பார், என்ன காத்து!" என்றார். ஆவணியில் காட்டுக்குள் தண்ணீர் வற்றினால் யானை குளத்துக்குத்தான் வரும். அது வன்னியில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எங்களுக்கும் தெரியும். ஆனால் அம்மனுக்கு நேர்ந்த பொருள் கூட இருக்க எங்களுக்கு என்ன வரப்போகிறது என்று இருந்துவிட்டோம். அந்தப் பொருளே யானையைக் கூப்பிடும் என்பது இரண்டு பேருடைய மண்டையிலும் ஏறவில்லை. நேர்த்திப் பழம் இருக்கிற இடம் என்று செருப்பைக்கூட வெளியே கழற்றிவிட்டுத்தான் ஏறினோம். குலை கூரைக் கொளுக்கியில் தொங்கியது. வான் முழுக்கக் கதலி வாசம். சுகமான நித்திரை.

விடிகிற நேரம் வான் ஆடியது.

"ஆடாமல் படுங்கோ" என்றேன்.

"நான் ஆடேல்லை" என்றார்.

திரையை விலக்கினேன். கண்ணாடி முழுக்கச் சாம்பல் நிறத்தோல், சுருக்கம் சுருக்கமாக. காற்றுக்காகத் திறந்து விட்டிருந்த யன்னல் இடுக்கால் தும்பிக்கை நுனி உள்ளே வந்து தடவியது. அந்த மூச்சு என் கன்னத்தில் பட்டது.

"இஞ்சேருங்கோ, வானை எடுங்கோ!"

"எப்பிடி எடுக்கிறது? மறிப்பெல்லோ நிக்குது!"

ஸ்டியரிங்குக்குப் போவதென்றால் கீழே இறங்கிச் சுற்றித்தான் போகவேண்டும். கீழே யானை. வான் இன்னொரு தரம் சரிந்து நிமிர்ந்தது. இவர் ஒரு கையால் நெஞ்சைப் பிடித்தார், மறு கையால் குலையைப் பிடித்தார். "தொடாதை, இது அம்மன்ரை" என்றார் யானையிடம். முகம் வெளிறி வியர்வை ஓடியது. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு யானைப் பயம் போய்விட்டது. அந்த நெஞ்சு நின்றுவிடுமோ என்ற பயம்தான் வந்தது.

கண்ணை மூடிக் கும்பிட ஏது நேரம்? திறந்தபடியே கேட்டேன். "அம்மா, பழம் உனக்கு, மனுசன் எனக்கு. அப்பிடித்தானே கதைச்சனாங்கள்? இப்ப நான் என்ன செய்ய?"

'என் பழத்தை நான் யாருக்கும் கொடுப்பேன், நீ உன் மனுசனைப் பார்' என்று மனதுக்குள் தெளிவாகக் கேட்டது. குரல் என்று சொல்லமாட்டேன், ஆனால் கேட்டது. குலையைப் பிடித்திருந்த அவர் விரல்களைப் பிரித்தேன். இரண்டு பேர் தூக்கி ஏற்றிய குலையை ஒற்றை ஆளாகக் கழற்றி, பின்கதவை உயர்த்தி, வெளியே தள்ளிச் சாத்தினேன். யானை பின்னால் போனது. அவசரமே இல்லாமல் தண்டோடு தின்றது. நான் இவருடைய நாக்குக்குக் கீழே குளிசையை வைத்து, மடியில் சாய்த்துப் பிடித்திருந்தேன்.

தின்று முடித்து, என் செருப்பில் ஒன்றை மிதித்துவிட்டு அது குளக்கட்டால் இறங்கிப் போனது. கொஞ்ச நேரத்தில் மடியில் கிடந்தவர் குலுங்கினார். பதறிப்போய்ப் பார்த்தால் மனுசன் சிரிக்கிறார். "தாய்க்குக் கொண்டு போனதைப் பிள்ளையார் வழியில மறிச்சு வாங்கிப்போட்டார் பார்!" எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

இப்போதும் நாங்கள் அந்த வானில் ஊர் ஊராகப் போகிறோம். அந்த மறிப்பை வீட்டுக்கு வந்த அன்றே பிடுங்கி எறிந்தேன். படுப்பதென்றால் கோயில் வீதியில், இல்லாவிட்டால் ஆள் நடமாட்டமுள்ள கடைத்தெருவில், அங்குள்ளவர்களிடம் சொல்லிவிட்டுத்தான். வானின் முகம் றோட்டைப் பார்த்து நிற்கும். திறப்புச் சாவி கைக்கெட்டும் இடத்தில் இருக்கும். பழவகை ஒன்றும் உள்ளே இராது. காவலுக்கு அம்மன் இருக்கிறாள் என்பதற்காக நாங்கள் மூளையைக் கழற்றி வைக்கத் தேவையில்லை.

அன்று காலை இவருக்கு நெஞ்சு தெளிந்ததும் கோயிலுக்கே போனோம்; அங்கே நடந்ததையும் சொல்லவேண்டும். எல்லோரும் தட்டும் பூவும் பழமுமாக நிற்க, நான் வெறுங்காலும் வெறுங்கையுமாக வரிசையில் நின்றேன். வெட்கமாக இருந்தது. பூசகர் கையை நீட்டி, "என்னம்மா கொண்டு வந்தனீங்கள்?" என்று கேட்டார். யானைக் கதையைச் சொல்ல வாய் வரவில்லை. பக்கத்தில் நின்றவரைக் கையில் பிடித்து இழுத்து முன்னால் விட்டேன்.

"இவரைத்தான் ஐயா."

பூசகர் இவருடைய நெற்றி நிறையத் திருநீறு பூசிவிட்டார்.

உங்களுக்கும் ஏதாவது ஆபத்து வந்தால் அவளிடம் கேளுங்கோ. கொடுக்க ஒன்றும் மிஞ்சவில்லையே என்று வீட்டில் நின்றுவிடாதீர்கள். நாங்கள் வெறுங்கையோடுதான் போனோம், அவள் ஒன்றும் குறைவாகப் பார்க்கவில்லை.