கையில் கொடுத்த கத்தி

காசிமேட்டில் மீன் வாங்கிக்கொண்டு வெளியே வந்தால், மீன் வெட்டுகிறவர்கள் மரக்கட்டை போட்டு வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். அந்த வரிசையின் கோடியில் ஒரு மோட்டார் சாணைக்கல் சுற்றும். அது என்னுடையது. வரிசையில் இருக்கும் அத்தனை கத்தியும் என்னிடம் தீட்டிக்கொண்டுதான் வேலைக்குப் போகும். "ரவுடிங்கோ கைல கீறத விட உன் பொட்டில கத்தி ஜாஸ்தி நைனா" என்று கேலி செய்வார்கள். வாஸ்தவம்தான். ஆனால் அந்தப் பெட்டியைப் பார்த்துப் பயப்பட வேண்டியது வஞ்சிரம் மட்டும்தான்.

எங்கள் வரிசையில் எழுதி வைக்காத சட்டம் ஒன்று உண்டு. கத்தியை யார் கையிலும் நேராகக் கொடுக்கக் கூடாது. கட்டையில் வைக்க வேண்டும், வேண்டியவர் எடுத்துக்கொள்வார். கையில் கொடுத்தால் இரண்டு பேருக்கும் சண்டை வந்தே தீரும். பல வீடுகளில் சொல்வதுதான். ஆனால் வீட்டில் கத்தி எப்போதாவது கைமாறும், எங்களுக்கு அதுவே பிழைப்பு. வரிசைக்குத் தலைவர் மாதிரி ஒருத்தர் இருந்தார். அவர் வாயைத் திறந்தால் ஏலம் விடுகிறவனே ஒரு நிமிஷம் நிறுத்திவிடுவான். சத்தக்காரர் என்றே வைத்துக்கொள்வோம். "பொண்டாட்டிக்கே கீழ வெச்சித்தான் தருவேன். வூட்ல ஏற்கெனவே கீற சண்ட போதும்" என்பார்.

என் சாணைக்கு அடுத்த கட்டை என் தோஸ்துடையது. அதற்கு அடுத்தது ஒரு அக்காவுடையது. இரண்டு பேரும் நாள் முழுக்க ஒருத்தரை ஒருத்தர் திட்டிக்கொண்டே வெட்டுவார்கள். திட்டு நின்றால்தான் எனக்குக் கவலை வரும், யாருக்காவது விரல் போய்விட்டதோ என்று.

போன வருஷம் ஒருநாள் தோஸ்து என் காதோரம் வந்தான்.

"மாமு, இந்த சங்கரா என்னியே மொறைக்குது."

"செத்த மீனு மொறைக்காம கண்ணடிக்குமா?" என்றேன். சிரித்தோம். மறுநாள் ஈரக் காகிதத்தைக் கிழித்து ஒவ்வொரு மீனின் கண்ணிலும் ஒட்டிவிட்டு வெட்டினான். அதற்கும் சிரித்தோம். ஒரு வாரத்தில் மீன்கள் பேச ஆரம்பித்துவிட்டன. அவன்மேல் ஏதோ கேஸ் நடத்துகின்றனவாம். அன்றைக்குத் தன் கத்தியைக் கழுவித் துடைத்து, என் பெட்டிமேல் வைத்தான். "இத்த நீயே வெச்சிக்க. கேஸு முடியற வரிக்கும் நான் எதையும் வெட்டப் போறதில்ல" என்று சொல்லிவிட்டுப் போனான். அதற்குப் பிறகு எங்களில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. அவன் மனைவி மனநல ஆஸ்பத்திரியில் சேர்த்தாள்.

மூன்று மாதம் கழித்து ஒரு காலை. டீக்கடை டிவியில் அமெரிக்காவில் எவனோ கடைத்தெருவில் புகுந்து சுட்டதைத் திரும்பத் திரும்பக் காட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் வரிசைக்குப் பொதுச்சபையே அந்த டீக்கடைதான்.

"துப்பாக்கிய இன்னாத்துக்கு குத்தம் சொல்றானுங்கோ? புடிச்சவன் மெண்டலு. மெண்டலுங்கள புடிச்சி உள்ள போட்டா முடிஞ்சிது" என்றார் சத்தக்காரர்.

அக்கா விடவில்லை. "மண்ட சரியில்லாதவன் எல்லா ஊர்லயும்தான் கீறான். அங்க மட்டும் இன்னாத்துக்கு கொத்து கொத்தா சாவுறாங்கோ? கத்திரிக்கா வாங்கற மாரி கடையில துப்பாக்கி வாங்கறான். அத்த கேளு முதல்ல."

பேப்பர் படிக்கிறவன் என்ற முறையில் நானும் வாயைத் திறந்தேன். மனசு சரியில்லாதவர்களில் அடிக்கிறவர்கள் குறைவு, அடி வாங்குகிறவர்கள்தான் அதிகம் என்று படித்ததைச் சொன்னேன்.

"பேப்பர்ல ஆயிரம் போடுவான். பக்கத்துல குந்திகினு கீறது நாமதான?" என்றார் சத்தக்காரர்.

அப்போதுதான் பார்த்தோம், தோஸ்து வாசலில் நிற்கிறான். மாத்திரையில் கன்னம் கொஞ்சம் உப்பியிருந்தது. சட்டையில் இஸ்திரி மடிப்பு. எவ்வளவு நேரமாக நின்றானோ தெரியாது. டிவி மட்டும் சுட்டுக்கொண்டிருந்தது.

"மாமு, கத்தி பத்தரமா கீதா?" என்றான் என்னைப் பார்த்து.

அவனை ஒரு டீயோடு உட்கார வைத்துவிட்டு நாங்கள் சாணைக்கல் பக்கம் போய்க் கூடினோம். கத்தியைக் கொடுப்பதா வேண்டாமா என்று அமெரிக்காவுக்குக்கூட அவ்வளவு பெரிய சபை கூடியிருக்காது.

"நான் அவனுக்கு எதிரி இல்ல. ஆனா கைல கத்தி. ஒரு நிமிட்டு திரும்பிச்சினா?" என்றார் சத்தக்காரர்.

"நம்ம வரிசையில மனுசன் மேல கத்தி தூக்கினது யாரு? சொல்லட்டா?" என்றாள் அக்கா. "கேரம் போர்டுல செவப்ப ஏமாத்திட்டான்னு மச்சான ஐஸ் கம்பனி வரிக்கும் தொரத்தினது யாரு?"

"அது கோவம்! கோவம் வேற, பைத்தியம் வேற!" என்று எகிறினார் சத்தக்காரர்.

"அத்தத்தான் நானும் சொல்றேன்."

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு, சத்தக்காரர் சொன்னபடியே முடிவு செய்தார்கள். ஊர்ச்சபை என்றால் அப்படித்தான், நியாயத்துக்குக் கைதட்டல், பயத்துக்கு ஓட்டு. தோஸ்து வரலாம், கட்டையில் உட்காரலாம். செதில் மட்டும் சுரண்டலாம். கத்தி இப்போதைக்கு என் பெட்டியிலேயே இருக்கட்டும். அவ்வளவு வாதாடிய அக்காவும் மறுநாள் தன் கட்டையைச் சாக்கடைப் பக்கமாக ஒரு முழம் தள்ளிப் போட்டுக்கொண்டாள். "இங்க காத்து நல்லா வருது" என்றாள். மணலி ஆலைகள் பக்கமிருந்து வருகிற அந்தக் காற்றை நல்ல காற்று என்று சொன்ன முதல் மனுஷி அவள்தான்.

கத்தியைவிடக் கொடுமை ஒன்று இருந்தது. எல்லோரும் அவனிடம் மரியாதையாகப் பேச ஆரம்பித்தார்கள். "வாங்க தம்பி", "சாப்டீங்களா தம்பி." பிறந்ததிலிருந்து யாரும் அவனை அப்படிக் கூப்பிட்டதில்லை. அவன் யார் தலையில் தண்ணீர் கொட்டினாலும் "பரவால்ல தம்பி" என்றார்கள். திட்டு இல்லை, கிண்டல் இல்லை. காசிமேட்டில் ஒருத்தனைத் தள்ளி வைக்க இதைவிட நல்ல வழி கிடையாது.

நானும் யோக்கியன் இல்லை. அவன் கேட்கும்போதெல்லாம், "இன்னும் ஒரு சாணை புடிக்கணும்" என்று சொல்லிச் சமாளித்தேன்.

"மாமு, மூணு வாரமா புடிக்கிற. இன்னும் புடிச்சினா ஷேவிங் பண்ணத்தான் ஆவும்" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "செதில் எடுக்கறப்போ கை மட்டுந்தான் வேல செய்யுது. தல சும்மா கீது. தல சும்மா இருந்தா அதுங்கோ மறுபடி பேச ஆரமிச்சிடும்னு பயமா கீது மாமு. வெட்டறப்போ அளவு பாக்கணும், முள்ளு பாக்கணும். வேற எதுவும் காதுல வியாது."

அன்று முழுக்க எனக்குச் சாணைக்கல்லின் சத்தமே பிடிக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு என்றால் ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் என்று பாதி வடசென்னை பையோடு எங்கள் தலைமேல் நிற்கும். அக்காவின் கட்டையில் மீன் மலை. கிளம்ப அவசரப்பட்ட ஒருத்தர் பெரிய வஞ்சிரத்தைத் தூக்கிக்கொண்டு கத்தினார். அவள் கத்தி வேறு முள்ளில் பட்டுப் பட்டுக் கூர் மழுங்கியிருந்தது. எழுந்து வந்து, என்னைக் கேட்காமலே பெட்டியைத் திறந்தாள். இரண்டு கத்தியை எடுத்தாள். ஒன்றைத் தனக்கு வைத்துக்கொண்டு மற்றதைத் தோஸ்தின் கையில் திணித்தாள்.

"குந்திகினு வேடிக்க பாக்கறியே! ஜல்தியா இந்த வஞ்சரத்த போடு!"

அவன் கத்தி. அவன் கையில். கையிலிருந்து கைக்கு.

வரிசையே நின்றது. சத்தக்காரருக்குச் சத்தம் வரவில்லை. தோஸ்து கத்தியைப் புரட்டிப் பார்த்தான். விளிம்பைக் கட்டைவிரலால் தடவினான். வஞ்சிரத்தைத் திருப்பி, அதன் கண்ணை ஒரு கணம் பார்த்தான். தலையைச் சீவி ஓரமாகப் போட்டுவிட்டு, "கொழம்புக்கா, வறுவலுக்கா சார்?" என்றான்.

வறுவலுக்குத்தான். துண்டுகள் சீட்டுக்கட்டு மாதிரி ஒரே கனத்தில் விழுந்தன.

மதியம் கூட்டம் கலைந்தது. கட்டை கழுவும் நேரத்தில் தோஸ்து ஒரு வாளித் தண்ணீரை வீசி ஊற்றினான். அது நேராக அக்காவின் சாப்பாட்டுப் பையில் போய் இறங்கியது.

"டேய் சோமாறி! கண்ணு இன்னா பொடனிலயா கீது?"

வெகுநாள் கழித்து அவன்மேல் விழுந்த முதல் திட்டு. அவன் முகம் சிவந்தது.

"உன்ன யாரு கட்டய சாக்கடையாண்ட தள்ளிப் போடச் சொன்னா? ஒரு மொழம் தள்ளிகின இல்ல? எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிகினியா? பழைய எடத்துல இருந்தா உன் சோத்துல தண்ணி வியுமா?"

சத்தக்காரர் ஓடி வந்தார். "தம்பி, நீங்க கோவப்படாதீங்க, ஒடம்புக்கு ஆவாது..."

"நீ கம்முனு கெட!" என்றார்கள் இரண்டு பேரும் ஒரே குரலில்.

அக்கா குனிந்து தன் கட்டையைப் பிடித்து இழுத்தாள். புளியங்கட்டை, ஒருத்தரால் ஆகாது. "பாத்துகினு நிக்கிறான் பாரு, கை இன்னா வாடகைக்கு வுட்டுட்டியா?" என்றாள். அவன் மறுபக்கம் பிடித்தான். இரண்டு பேரும் திட்டிக்கொண்டே கட்டையை ஒரு முழம் நகர்த்தி, பழைய இடத்தில் போட்டார்கள்.

கிளம்பும்போது தோஸ்து கத்தியைக் கழுவித் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தான். நான் கையை நீட்டினேன். அவன் முறைத்தான். கத்தியை என் பெட்டிமேல் வைத்துவிட்டு, "காலைல வோணும். டபாய்க்காத" என்றான்.