எலுமிச்சம்பழத்தின் மேல் ஏறிய பஸ்

வேலைநிறுத்தம் தொடங்கி எட்டு நாளாகியும் அப்பாவால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. சிங்கப்பூரில் சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் ஒற்றை அறையில் குடியிருந்தோம். நடக்க ஆறடி இருந்தால் அதிகம். அந்த ஆறடியிலேயே போவார், வருவார். பஸ் கம்பெனித் தொழிலாளர் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். ஷிப்டுக்கு நடுவே ஓய்வு வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். வெள்ளைக்கார மேனேஜர் பேசவே வரவில்லை. எனக்கு ஒன்பது வயது.

அதற்குள் ஆயுத பூசை வந்துவிட்டது. ஸ்பேனருக்கும் பஸ்ஸுக்கும் பொட்டு வைக்காமல் இருக்க முடியுமா? அப்பா போய் மேனேஜரிடம் கேட்டார். ஒரு மணி நேரம் டிப்போவுக்குள் வரலாம், ஆனால் எஞ்சினைத் தொட்டால் எல்லாரும் வேலைக்குத் திரும்பியதாக எடுத்துக்கொள்வேன் என்றாராம் அவர். அப்பா ஒப்புக்கொண்டு கைகொடுத்துவிட்டு வந்தார்.

பொரிகடலைத் தட்டோடு நானும் போனேன். சூடம் காட்டியாயிற்று. சக்கரத்துக்கு முன்னால் எலுமிச்சம்பழமும் வைத்தாயிற்று. சித்தப்பா அங்கே டிரைவர். அவருக்குக் கையும் காலும் முந்திக்கொள்ளும், தலை பிறகுதான் வந்து சேரும். வருடா வருடம் செய்கிற பழக்கத்தில் ஏறி உட்கார்ந்தார், ஸ்டார்ட் செய்தார், பழத்தை நசுக்கிக்கொண்டு வாசல்வரை பஸ்ஸை விட்டுவிட்டார்!

வெளியே மறியலில் நின்ற சீனர், மலாய்க்காரர், தமிழர் எல்லாரும் ஒரேயடியாகக் கத்தினார்கள். ஒருவர் கம்பிக்கதவைப் பிடித்து உலுக்கினார்.

"உங்க தம்பியே பஸ் எடுக்கிறானா? முன்னாடியே பேசி வச்சிட்டீங்களா அண்ணே?"

அப்பா பஸ்ஸை நோக்கி ஓடினார்.

மேனேஜர் ஆபீசிலிருந்து இறங்கி வந்தார். தொலைந்தோம் என்று நினைத்தேன். நசுங்கிய பழத்தைக் குனிந்து பார்த்தார். இது வேலை இல்லை, சாமி காரியம் என்று வெளியே கேட்கும்படி மலாயில் சொன்னார். எஞ்சினை அணைக்கச் சொல்லிவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு பஸ்ஸைப் பின்னால் தள்ளத் தானே வந்து நின்றார். அப்பாவும் பக்கத்தில் போய்த் தோள் கொடுத்தார். எனக்கு ஒரே அவமானம். எட்டு நாளாக எங்கள் வீட்டில் திட்டு வாங்கிய ஆள் அல்லவா அவர்?

மறுநாளே பேச்சு தொடங்கியது. கேட்ட ஓய்வும் கிடைத்தது. அடுத்த மாதம் சங்கத் தேர்தல். அப்பாவுக்குக் கை தூக்கியவர்கள் சித்தப்பாவையும் சேர்த்து நாலே பேர். மேனேஜரோடு சேர்ந்து பஸ் தள்ளியவர் நமக்கு வேண்டாம் என்று சொன்னார்களாம், புது ஓய்வு நேரத்தில் உட்கார்ந்து பேசி.

தேர்தலன்று வெளிச்சம் இருக்கும்போதே அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார்.

"இனிமே சங்கத்துக்குப் போக வேணாமாப்பா?"

"வேணாம்மா."

"சாயங்காலம் வீட்லயே இருப்பீங்களா?"

"இருப்பேன்."

நான் கைதட்டிக் குதித்தேன். அம்மா எதற்காக என்னைத் தரதரவென்று வெளியே இழுத்துக்கொண்டு போனாள் என்று அன்று எனக்கு விளங்கவில்லை.