பந்தாய் டாலாம் தாண்டியதும் பேசினாள்

பேசாத பிள்ளைகளைப் பேச வைக்கும் யோசனை எனக்கு வந்த இடம் கொமியூட்டர் என்னும் புறநகர் ரயில். ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல், நானும் தாரணியும் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்குப் போய்க்கொண்டிருந்தோம். பந்தாய் டாலாம் நிலையம் தாண்டியதும் ஜன்னலுக்கு வெளியே ஓர் அடுக்குமாடியைக் காட்டினாள்.

"அக்கா, அந்த நாலாவது மாடி ஏர்கோன் கம்ப்ரெசரப் பாருங்க. பிரேக்கெட் சாஞ்சிருக்கு. எவனோ அவசரத்துல மாட்டிட்டுப் போயிட்டான். எப்ப வேணும்னாலும் விழும் லா."

ஆறு வாரத்தில் அவளிடம் நான் கேட்ட மிக நீண்ட பேச்சு அதுதான்.

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு மாடியில் இயங்கும் தொண்டு நிறுவனத்தில் வேலை செய்கிறேன். படிப்பு பாதியில் நின்ற, வீட்டில் நெருக்கடியுள்ள இளையோருக்கு ஆளுக்கொரு வழிகாட்டி. வாரம் ஒரு மணி நேரச் சந்திப்பு. பட்டம் வாங்கிய கையோடு சேர்ந்த எனக்குக் கிடைத்த முதல் ஆள் தாரணி. வயது பதினேழு. இடைநிலைப்பள்ளியில் நான்காம் படிவத்தோடு படிப்பை விட்டவள். அப்பா இல்லை. அம்மா கிள்ளானில் கையுறைத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறார்.

அலுவலகத்தில் நான் மேசைக்கு இந்தப் பக்கம், அவள் அந்தப் பக்கம். "அழகுக்கலை கோர்ஸ் எடுக்கலாமா?" என்று கேட்டேன். "ஓகே கா" என்றாள். விண்ணப்பத்தை நானே நிரப்பினேன். அவள் கையெழுத்து மட்டும் போட்டாள்.

"ஏர்கோன் பத்தி இவ்வளவு எப்படித் தெரியும்?" என்று ரயிலில் கேட்டேன்.

"மாமா அந்த வேலைதான் செய்றாரு. ஞாயித்துக்கிழம நான்தான் கூடப் போவேன்."

"அப்ப ஏன் அழகுக்கலைக்குத் தலையாட்டுன?"

"நீங்க ரொம்ப ஆசையா எழுதிட்டு இருந்தீங்க. வேணாம்னு எப்படிக்கா சொல்றது?"

முகம் சுட்டது. அதே பயிற்சி நிலையத்தில் ஏர்கோன் கோர்ஸும் உண்டு. கோர்ஸ் மாற்ற வெள்ளிக்கிழமை கடைசி நாள், அம்மாவின் கையெழுத்தும் வேண்டும். இந்த முறை சரியாக அமையாவிட்டால் தன்னோடு தொழிற்சாலைக்கு வந்துவிட வேண்டும் என்று அம்மா முன்பே சொல்லியிருந்தார். மூன்று நாள்தான் இருந்தது.

மறுநாள் காலை எங்கள் ஒருங்கிணைப்பாளர் புஷ்பா அக்கா என்னைக் கூப்பிட்டார்.

"யாரக் கேட்டுப் புள்ளைய ரயில்ல கூட்டிட்டுப் போன?"

வீட்டாரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் பிள்ளைகளை எங்கும் அழைத்துப் போகக் கூடாது. எனக்கும் தெரிந்த விதிதான்.

"மழை பேஞ்சுச்சுக்கா. தனியா அனுப்ப மனசு வரல."

"மழை பேஞ்சா ரூல் கரைஞ்சிருமா?"

"தப்புதான். ஆனா ஆறு வாரம் எதிர்ல உக்காந்து பேசாதவ, பக்கத்துல உக்காந்ததும் பேசிட்டாக்கா. அத எப்படி விடுறது?"

அக்கா மேசை டிராயரிலிருந்து ஒரு சம்மதப் படிவத்தை எடுத்து நீட்டினார். "அம்மாகிட்ட ரெண்டு கையெழுத்து வாங்கு. கோர்ஸுக்கு ஒண்ணு, ரயிலுக்கு ஒண்ணு."

தாரணியின் அம்மாவுக்குப் போன் செய்தேன். "பொம்பளப் புள்ள ஏணி ஏறுற வேலையாம்மா? வேணாம். என் கூடவே பேக்டரிக்கு வரட்டும்" என்றார். சான்றிதழ், வேலை வாய்ப்பு, எதிர்காலம் என்று இருபது நிமிடம் பேசினேன். அவர் அசையவில்லை. போனை வைத்த பிறகுதான் உறைத்தது. தாரணிக்காக விண்ணப்பத்தை எழுதிய நான், இப்போது அவளுக்காக வாதாடவும் செய்துகொண்டிருக்கிறேன்.

வியாழக்கிழமை அம்மாவுக்கு ஓய்வு நாள். இருவரையும் அலுவலகத்துக்கு வரச் சொல்லிவிட்டு, கிள்ளான் நிலையத்துக்கு நானே போய் நின்றேன். பெண்கள் பெட்டியில் மூவரும் வரிசையாக உட்கார்ந்தோம். நான் ஓரத்தில். பேசக் கூடாது என்று எனக்கு நானே கட்டளை போட்டிருந்தேன். ஷா ஆலாம் வரைக்கும் யாருமே பேசவில்லை. எனக்கு நாக்கு அரித்தது.

அம்மாதான் ஆரம்பித்தார். "மாமா போன வருஷம் ஏணியிலேர்ந்து விழுந்தாரே, மறந்துட்டியா?"

"மறக்கல மா. அன்னைக்கு ஏணியப் புடிக்க ஆள் இல்ல. எனக்குப் பள்ளிக்கூடம். அவரு சேஃப்டி பெல்ட்டும் போடல. அந்தக் கோர்ஸ்ல மொதல்ல கத்துக் குடுக்குறதே அதுதான்."

"உனக்கு யாரு சொன்னா?"

"நேத்து அந்தக் கோர்ஸ் நடத்துற எடத்துக்கு நானே போன் போட்டுக் கேட்டேன்."

மாமா விழுந்த கதை எனக்குத் தெரியாது. இன்னும் ஒரு மணி நேரம் போனில் பேசியிருந்தாலும் அந்தப் பயத்தின் பக்கத்தில்கூட நான் போயிருக்க மாட்டேன். சுபாங் ஜெயா தாண்டியதும் அம்மா சொன்னார்: "பெல்ட் போடாம நீ ஏறுனதாக் கேள்விப்பட்டா, நானே வந்து காலப் புடிச்சு இழுத்து இறக்கிருவேன்."

அலுவலகத்தில் இரண்டு கையெழுத்தும் விழுந்தன.

வெள்ளிக்கிழமை, பயிற்சி நிலையக் கவுண்டரில் இருந்தவர் படிவத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "போலே கா?" என்று மலாயில் கேட்டார். உன்னால் முடியுமா என்று அர்த்தம். பதில் சொல்ல ஓர் அடி எடுத்து வைத்தேன். நின்றுகொண்டேன்.

"போலே," என்றாள் தாரணி. முத்திரை விழுந்தது.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். சம்மதக் கடிதத்தை முதல் நாளே வாங்குங்கள். விண்ணப்பத்தில் முதல் வரியைப் பிள்ளை எழுதும்வரை பேனாவைத் தொடாதீர்கள்.

டெங்கிலிலிருந்து இன்னொரு பெண் வருகிறாள். இரண்டு மாதமாக "ம்" மட்டும்தான். அங்கே கொமியூட்டர் கிடையாது, பஸ்தான். சம்மதக் கடிதம் வந்துவிட்டது. வரும் செவ்வாய்க்கிழமை அவளோடு பஸ் ஏறுகிறேன். எத்தனை ஸ்டாப் வரை என்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடிகிறது என்று பார்க்க வேண்டும்.