நிம்மதிக்கு மூன்று வருஷ வாரன்டி

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். நான் ஆம்பூர் முனிசிபல் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரைக்கும் படித்தவள். எழுத்து கோணலாக வரும். எழுதிக்கொண்டிருக்கும்போதே எதைச் சொல்ல வந்தேன் என்பது மறந்துபோகும். ஆள் முன்னால் எனக்குப் பேச வராது, வெட்கம். எழுதினால் யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை என்பதால் எழுதுகிறேன்.

நான் இப்போது இருப்பது கனடாவில், வின்னிபெக் என்கிற ஊரில், என் மகள் கலாவோடு. இந்த ஊரில் கார்களுக்கு மூக்குக்குக் கீழே ஒரு ஒயர் தொங்கும். குளிர்காலத்தில் ராத்திரி அதைக் கொண்டுபோய்ச் சுவரில் இருக்கும் பிளக்கில் சொருகிவிடுவார்கள். பெட்ரோல் போட்டு ஓட்டுகிற காருக்குக் கரண்ட் எதற்கு என்று வந்த புதிதில் எனக்குப் புரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் மறந்துபோய் விட்டுவிட்டார், பாவம், கரண்ட் பில் ஏறுமே என்று நான் போய் அதைப் பிடுங்கி, அழகாகச் சுற்றி வைத்துவிட்டு வந்தேன். காலையில் அவர் கார் கட்டையாகக் கிடந்தது. எஞ்சின் உறைந்துவிடாமல் இருக்கத்தான் அந்த ஒயராம். அவர் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டி, முதலில் எனக்கு ‘தேங்க் யூ’ சொன்னார், அப்புறம் இனிமேல் உதவி செய்ய வேண்டாம் என்றார். நம் ஊராக இருந்தால் தெருவே கூடியிருக்கும். இங்கே கோபத்தைக்கூடத் துணியில் சுற்றித்தான் கொடுக்கிறார்கள்.

இந்த ஊரில் கார் இல்லாதவர் கால் இல்லாதவர். கலாவின் வேலை, வீடு வீடாகப் போய் வயதானவர்களைக் குளிப்பாட்டி, மாத்திரை கொடுத்து, கஞ்சி மாதிரி ஒன்றை ஊட்டிவிட்டு வருவது. ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே ஒரு தாலுகா தூரம் இருக்கும். வண்டி நின்றுபோய் இரண்டு தடவை வேலைக்குப் போகாவிட்டால் மூன்றாவது தடவை கூப்பிட மாட்டார்கள். மருமகன் போன வருஷம் தனியாகப் போய்விட்டார். அது வேறு கதை, அதற்கும் வாரன்டி கிடையாது. ஆகவே பழைய கார் செத்துப்போனதும், அடுத்த வாரமே இன்னொரு பழைய கார் வாங்கப் போனோம்.

கைல் என்கிற பையன்தான் காரைக் காட்டினான். ஒரே ஒரு ஓனராம். ரிட்டயர் ஆன டீச்சரம்மாவாம், சர்ச்சுக்கும் கடைக்கும் மட்டும்தான் ஓட்டினாராம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம் பக்கத்தில் விலைக்கு வரும் பழைய வண்டியெல்லாம் டாக்டர் ஓட்டியது. வேலூரில் அவ்வளவு டாக்டர்கள் இருப்பதால் நாமும் நம்பித்தான் ஆக வேண்டும். இங்கே டீச்சரம்மா போலிருக்கிறது. அரைமணி நேரம் அந்தப் பையன் காரைப் புகழ்ந்தான். பெண் பார்க்கப் போன இடத்தில்கூட அவ்வளவு புகழ மாட்டார்கள். குறையே இல்லை, நூறு வருஷம் ஓடும் என்று கலாவைக் கையெழுத்துப் போட வைத்துவிட்டு, பக்கத்து அறைக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

அங்கே கண்ணாடி போட்ட ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவரும் அதே கடைதான். அவர் அரைமணி நேரம் அதே காரைப் பற்றிப் பேசினார். எஞ்சின் எப்போது வேண்டுமானாலும் போகலாம். கியர்பாக்ஸ் போகலாம். உள்ளே ஏதோ கம்ப்யூட்டர் இருக்கிறதாம், அது குளிரில் போகலாம். போனால் ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு ஆகும் என்று துக்கம் விசாரிக்கிற குரலில் சொன்னார். கலா எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

“ஏன்டி, இவரு விக்கிறவரா, வாங்காதன்னு சொல்ல வந்தவரா?”

“வாரன்டி விக்கிறாரும்மா. எக்ஸ்டெண்டட் வாரன்டி. மூணு வருஷத்துக்கு எது கெட்டாலும் அவங்களே சரி பண்ணித் தருவாங்களாம். பீஸ் ஆஃப் மைண்டுங்கறாரு.”

“அப்டின்னா?”

“மன நிம்மதி.”

நிம்மதியில் மூன்று ரகம் இருந்தது. வெள்ளி, தங்கம், அதற்கும் மேலே பிளாட்டினம். வெள்ளி நிம்மதியில் கியர்பாக்ஸ் சேராது. தங்கத்தில் சேரும். டயர், பிரேக்கு, பேட்டரி, துருப்பிடிப்பது இதெல்லாம் எந்த நிம்மதியிலும் சேராது. தேய்மானத்தால் கெட்டுப்போனால் அதுவும் சேராதாம். “ஓட்ற வண்டி தேயாம வேற இன்னா பண்ணும்?” என்று கேட்டேன். கலா அதை மொழிபெயர்க்கவில்லை.

அப்போது அவர் என் பக்கம் திரும்பி, “வாட் டஸ் மாம் திங்க்?” என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கோட்டுக்கு வெளியே முந்தானை எட்டாததால் ஸ்கார்ஃபை இழுத்து வாயை மூடிக்கொண்டேன். ஆனால் ஒன்று மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

“கலா, அவரு வூடு எங்க கீதுன்னு கேளு.”

“மானத்த வாங்காதம்மா.”

“கேளுடி.”

கேட்டாள். அந்த மனிதருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. போனை எடுத்து வீட்டைக் காட்டினார், வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஏரியைக் காட்டினார், ஒரு நாயைக் காட்டினார். நாயின் பெயர் பிஸ்கட். ஒருமணி நேரம் காரில் போகிற தூரமாம். பஸ் கிடையாதாம். சரி, நாளைக்கு வண்டி கெட்டுப்போனால் காசு கொடுக்கப் போகிற வாரன்டி கம்பெனி எங்கே இருக்கிறது என்று கேட்கச் சொன்னேன். அது வேறு மாகாணத்திலாம். நேரில் போக வேண்டிய அவசியமே இல்லையாம், இருபத்திநாலு மணி நேரமும் போன் நம்பர் இருக்கிறதாம்.

“போன் நம்பரு வாசல்ல எப்டிடி போய் உக்கார்றது?” என்றேன்.

கலா சிரித்துவிட்டாள். விஷயம் தெரியாமல் அவரும் சிரித்தார். சனிக்கிழமை வரைக்கும் யோசியுங்கள், அதற்கப்புறம் இந்த விலை கிடையாது என்றார். தங்க நிம்மதியின் விலை, ஜனவரியில் நான் ஆம்பூர் போய்வரக் கலா எடுத்து வைத்திருந்த டிக்கெட் பணம். கூடவும் இல்லை, கம்மியும் இல்லை. ஒன்று வண்டிக்கு, இல்லாவிட்டால் எனக்கு. நான்கு வருஷமாக நான் ஊரைப் பார்க்கவில்லை. பழைய கார், பழைய கிழவி என்று நீங்கள் ஒப்பிட்டு உச்சுக்கொட்டுவீர்கள் என்று தெரியும், அது வேண்டாம். என்னை மலிவு விலையில் யாரும் விற்கவில்லை.

வாசலில் போய் உட்காருவது என்றால் என்ன என்று, இங்கே பிறந்த பிள்ளைகள் படிக்கக்கூடும் என்பதால் சொல்கிறேன். கலாவுக்கு ஒன்பது வயது இருக்கும்போது, என் வீட்டுக்காரர் ஆம்பூரில் ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போகும் பெண்களைச் சுற்றுப்பட்ட கிராமங்களில் இருந்து ஏற்றிவர, பைபாஸ் ரோட்டில் ஜெயபால் என்கிறவரிடம் ஒரு பழைய வேன் வாங்கினார். கேரண்டி உண்டா என்று கேட்டதற்கு ஜெயபால், “நான் எங்க போவப் போறேன், இங்கதான கீறேன்” என்றார். அதுதான் கேரண்டி. வெள்ளி, தங்கம் எல்லாம் கிடையாது. முதல் சவாரியாகச் சோளிங்கர் போய் நரசிம்மருக்கு அர்ச்சனை பண்ணி, வேனுக்கு மாலை போட்டுக்கொண்டு திரும்பினோம். சத்துவாச்சாரிக்கு வரும்போது கியர்பாக்ஸில் ஜல்லி அரைக்கிற சத்தம் வந்தது. அதோடு வேன் நின்றது, மாலை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. லாரியில் கட்டி இழுத்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தோம்.

ஒரு வாரத்தில் வேன் வராவிட்டால் வேறு ஆளுக்கு ரூட்டைக் கொடுத்துவிடுவோம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். என் வீட்டுக்காரர் கேட்கப் போனால் சண்டையாகிவிடும் என்று போகவில்லை. எனக்குத்தான் பேச்சே வராதே, அதனால் சண்டை வராது. கலாவைக் கூட்டிக்கொண்டு போய் ஜெயபால் கடைப் படியில் ஓரமாக உட்கார்ந்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை. பேச வேண்டியதும் இல்லை. பக்கத்து டீக்கடை பாய் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “இன்னாம்மா, காலைலேர்ந்து உக்காந்துகினு கீறே? ஏம்ப்பா ஜெயபால், யாரு இந்தம்மா?” என்று ஆரம்பித்தார். டீ குடிக்க வந்தவர்களெல்லாம் விசாரித்தார்கள். கலாவிடம் விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, எனக்குப் பதிலாக பாயே சொல்லிக்கொண்டிருந்தார். காலையில் கியர்பாக்ஸ் மட்டும்தான் போயிருந்தது. மத்தியானம் எஞ்சினும் போயிற்று. சாயங்காலம் ஷிப்ட் விடும்போது, வேன் ஹைவேயில் பற்றி எரிந்து நாங்கள் உயிர் பிழைத்ததே பெரிய விஷயம் என்று ஆகிவிட்டது. ஜெயபாலிடம் வண்டி பார்க்க வந்த இரண்டு பேர் டீயை மட்டும் குடித்துவிட்டுப் போனார்கள். மூன்றாம் நாள் சாயங்காலம் எங்கள் வேனில் வேறு கியர்பாக்ஸ் இருந்தது.

வின்னிபெக் கார் கடையிலும் நான் அன்றைக்குக் காலையிலிருந்து மத்தியானம் வரைக்கும் சோபாவில் உட்கார்ந்துதான் இருந்தேன். ஒரு ஆள், ஏன் உட்கார்ந்திருக்கிறாய் என்று கேட்கவில்லை. காபி கொடுத்தார்கள், பிஸ்கட் கொடுத்தார்கள் (நாயில்லை, தின்கிற பிஸ்கட்), இன்னும் வேண்டுமா என்று கேட்டார்கள். வெளியே தெரு இல்லை, ரோடுதான் இருந்தது. வருகிறவர்கள் எல்லாம் கார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போகிறவர்கள். இங்கே ஒருத்தி பத்து நாள் உட்கார்ந்தாலும் கடைக்காரருக்குக் காபிச் செலவுதான்.

இங்கே இருக்கும் நம் தமிழ்ச் சங்கத்து ஆட்களிடம் கலா யோசனை கேட்டாள். பொங்கல் விழாவுக்கு ஹால் பிடிப்பதைப் பற்றிப் பேசக் கூடியவர்கள், அதை விட்டுவிட்டு வாரன்டியைப் பிடித்துக்கொண்டார்கள். வாரன்டி வாங்கினவர்களுக்கு வண்டி கெடவே இல்லையாம், அதனால் தண்டம் என்றார்கள். வாங்காதவர்களுக்கு வண்டி கெட்டுப்போயிற்றாம், அதனால் அவசியம் என்றார்கள். வாங்கி, கெட்டு, காசும் கிடைத்தவர் யாராவது உண்டா என்று கேட்டால், டொரண்டோவில் மச்சானின் சிநேகிதர் ஒருவர் இருப்பதாகச் சொன்னார்கள். ஊரில் பேய் பார்த்தவரும் எப்போதும் பக்கத்து ஊரில்தான் இருப்பார்.

வெள்ளிக்கிழமை சமையல்கட்டில் நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது கலா வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

“வாரன்டி வேணாம்மா. நீ ஜனவரில ஊருக்குப் போய்ட்டு வா.”

“நடு ரோட்ல பனியில நின்னுட்டா?”

“நின்னா பாத்துக்கலாம்.”

“யாரு பாத்துப்பா? கைல் வாசல்ல போய் உக்காருவியா? அன்னிக்கு ஜெயபால் கடைல நான் ஒரு வார்த்த பேசல. மூணே நாளு. கியர்பாக்ஸ தானா மாட்டிக் குடுத்தானா இல்லியா? அதுக்குப் பேரு கேரண்டி.”

கலா கீரைத் தண்டை எடுத்து ஒடித்துக்கொண்டே இருந்தாள்.

“அவரு குடுக்கலம்மா.”

“இன்னாது?”

“ஜெயபாலு குடுக்கல. மூணாவது நாளு பெரிய மாமா வந்தாரு. நீ பின்னால பாத்ரூமுக்குப் போயிருந்த. தங்கச்சி தெருவுல உக்காந்துகினு கீறா, நான் எப்டி டேனரிக்கு வேலைக்குப் போய் நாலு பேரு மூஞ்சில முழிக்கறதுன்னு ஜெயபால் கைல காசு குடுத்தாரு. அவரு தீபாவளி போனசு அது. எனக்கு ரோஸ் மில்க் வாங்கிக் குடுத்து, அம்மாகிட்ட சொல்லாத, அவ ஜெயிச்சதா இருக்கட்டும்னாரு.”

“இத்தினி வருஷமா ஏன்டி சொல்லல?”

“அந்தக் கதைய சொல்றப்ப உன் மூஞ்சி நல்லா இருக்கும்மா. அதான்.”

அடுப்பில் பருப்பு பொங்கியது. எழுந்துபோய் அணைத்துவிட்டு அங்கேயே நின்றேன். முப்பது வருஷமாக நான் வாய் திறக்காமல் ஜெயபாலை வென்றதாக எத்தனை பேரிடம் அளந்திருக்கிறேன். வெட்கப்பட்டது ஜெயபால் இல்லை, என் அண்ணன். நம் ஊர்த் தெருவுக்கும் கண் இருந்தது, வாய் இருந்தது, பாயின் வாயே இருந்தது. பில் மட்டும் நம் வீட்டுக்கே வந்திருக்கிறது. வெள்ளைக்காரர் நிம்மதியை விற்கிறார் என்று கேலி பண்ணினேனே, அவராவது விலையை எழுதிக் காட்டினார்.

“வாரன்டிய வாங்கிடு” என்றேன்.

“ஏம்மா? ஊருக்குப் போவணும்னு அவ்ளோ ஆசையா இருந்தியே.”

“இங்க உனக்கு அண்ணன் இல்ல.”

சனிக்கிழமை போனோம். தங்கம்தான் வாங்கினாள். கண்ணாடிக்காரர் கலாவின் கையைக் குலுக்கி, என்னைப் பார்த்து “மாம் ஹேப்பி?” என்றார். நான் தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது. வீட்டுக்கு வரும் வழியில் வண்டி நன்றாகத்தான் ஓடியது. இவ்வளவு காசு கொடுத்துவிட்டு நன்றாக ஓடுகிறதே என்று எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது. இந்த ஊர் ரோட்டில் வாரன்டியோடு போய்க்கொண்டிருந்தேன், மனசு பைபாஸ் ரோட்டுப் படியில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றது.

நான் எழுதியதில் தப்பு இருக்கும். கார் விஷயத்தை இங்கே இருப்பவர்கள் யாராவது சரிபார்த்துக் கொள்ளுங்கள், வெள்ளி எது, தங்கம் எது என்பதை மாற்றிச் சொல்லியிருப்பேன். ஊர் விஷயத்தை ஆம்பூரில் இருப்பவர்கள்தான் சரிபார்க்க வேண்டும். என் அண்ணன் பெயர் முனிரத்தினம், தோல் பதனிடும் டேனரி வேலையில் இருந்து நின்று பல வருஷம் ஆகிறது, சாயங்காலத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். அந்த வேன் கியர்பாக்ஸுக்கு யார் காசு கொடுத்தது என்று அவரைக் கேளுங்கள். நான்தான் என்றால் கலா சொன்னது சரி. ஜெயபால்தான் என்று அடித்துச் சொன்னாலும் கலா சொன்னதுதான் சரி. நான் கேட்டதாகச் சொல்ல வேண்டாம். தங்கச்சி ஜனவரியில் வருகிறாளா என்று திருப்பிக் கேட்பார். அதற்கு மட்டும் என்ன சொல்வது என்று நீங்களே பார்த்துச் சொல்லிவிடுங்கள்.